பார்டர் சுகருக்கு நடையா, மாத்திரையா?

என் தம்பி தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு கேள்வியையும் தட்டிவிட்டிருந்தான்: "அக்கா, டாக்டர் மெட்ஃபார்மின்னு ஒரு சுகர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். மாத்திரை போட்டா நடக்க வேண்டாம்ல?"

வயது 46. நாற்காலியை விட்டு எழாத வேலை. தொப்பை கொஞ்சம் உண்டு, குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 104. மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.1. கீழே ஒரு வரி: ப்ரீடயாபடிஸ். நம் ஊர் பாஷையில் பார்டர் சுகர், நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது.

முதலில் சிரிப்புதான் வந்தது. சோம்பேறிக்குச் சாக்கு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அவன் கேட்டது அவ்வளவு அசட்டுக் கேள்வி இல்லை. இதே கேள்வியைச் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் குழு 500 பேருக்கு மேல் வைத்து மூன்று வருடம் சோதித்துப் பார்த்திருக்கிறது. வந்த விடை தம்பிக்குப் பாதி சாதகம், எனக்குப் பாதி சாதகம்.

22 வருடமாக லேப்பில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் பார்டரில் நிற்பவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது எங்களிடம்தான். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடி, பார்டரில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். எனவே இது தம்பி ஒருவனுக்கான கடிதமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

முதலில் எந்த எண் கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்

நடையா மாத்திரையா என்று தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். பார்டர் என்பது ஒரே நிலை கிடையாது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் பார்டர் என்பது அமெரிக்கக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 110-லிருந்துதான் எண்ணுகிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தால் அது இன்னொரு பார்டர். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் மூன்றாவது. ஒருவருக்கு ஒன்று கூடியிருக்கும், மற்ற இரண்டும் சரியாக இருக்கும். மூன்றும் ஒரே ஆளையே பிடிப்பதில்லை.

காரணமும் வேறு வேறு. ராத்திரி முழுக்க நாம் சாப்பிடாமல் கிடக்கும்போது கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்க இன்சுலின் திணறினால் காலை எண் கூடும். சாப்பிட்ட சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் தசை. அது மந்தமாக இருந்து, கணையமும் சட்டென்று இன்சுலினை விடாவிட்டால் இரண்டு மணி நேர எண் கூடும். மெட்ஃபார்மின் வேலை செய்வது முக்கியமாகக் கல்லீரலில். நடை வேலை செய்வது முக்கியமாகத் தசையில். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் எண்கள் எளிதாகப் புரியும்.

நடை நல்லதா மாத்திரை நல்லதா என்று சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாமே ஆட்களைத் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டு மணி நேரச் சோதனையை வைத்துத்தான். சென்னை ஆய்வு ஒரு முறை சோதித்ததோடு விடவில்லை, இரண்டாவது முறையும் சோதித்து, இரண்டிலும் கூடியிருந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு நம் ஊரில் பார்டர் என்று சொல்லப்படுகிறவர்களில் பலர் அந்தச் சோதனையைச் செய்ததே இல்லை. ஹெச்பிஏ1சி மட்டும் பார்த்து வந்தவர்கள். ஆய்வு ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிறது, நாம் அதை வேறு ஒரு ஆளுக்குப் பொருத்துகிறோம்.

ஹெச்பிஏ1சி மோசமான சோதனை என்று சொல்லவில்லை. எந்த நேரத்திலும் எடுக்கலாம், பட்டினி கிடக்க வேண்டாம், அதுதான் அதன் பெருமை. ஆனால் அது ரத்த சிவப்பணுவை நம்பி நிற்கும் சோதனை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் நிறையப் போயிருந்தாலோ, அணுக்கள் சீக்கிரம் அழியும் கோளாறு இருந்தாலோ குறைத்துக் காட்டும். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கிறது? 9.5 ஹீமோகுளோபினும் 5.9 ஹெச்பிஏ1சியும் ஒரே தாளில் அச்சாகி வந்து, இரண்டாவது எண்ணுக்கு மட்டும் பயந்துபோன அக்காக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெறும் வயிற்று எண்ணிலும் ஒரு ஓட்டை உண்டு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர் காலை ஆறு மணிக்கு எடுப்பார். அப்புறம் ஏழெட்டு வீடு. பை லேப்புக்கு வந்து சேர பத்து ஆகிவிடும். குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி போட்ட ஃப்ளூரைடு குழாய் அதைத் தடுக்கத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் முழுதாகப் பிடித்து நிறுத்த ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே தம்பியின் 104 உண்மையில் 108 ஆகவோ 110 ஆகவோ இருந்திருக்கலாம். இதை எந்த ரிப்போர்ட்டிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: "மாத்திரையும் வேண்டாம், ஷூவும் வாங்க வேண்டாம். சனிக்கிழமை வெறும் வயிற்றோட லேப்புக்கு வா."

வந்தான். காலை ஏழு மணிக்கு முதல் ரத்தம். அப்புறம் டம்ளரில் 300 மில்லி தண்ணீர், அதில் குளுக்கோஸ். இரண்டு மடக்கு குடித்ததும் முகம் கோணிப்போயிற்று. அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். இந்தச் "சும்மா"தான் பலருக்கு முடியாத காரியம். கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டுபவர்கள் உண்டு. மாடிப்படி நாலு முறை ஏறி இறங்கினால் எண் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏறி இறங்கியவரும் உண்டு. சொன்னவர் சொன்னது சரிதான், குறையும். அதனால்தான் உட்காரச் சொல்கிறோம்.

ஒன்பது மணிக்கு எடுத்த ரத்தத்தில் 171. குழாயைக் கையோடு கொண்டுபோய், அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் சுழற்றியதால் அதில் சந்தேகம் இல்லை. வெறும் வயிற்று எண் இந்த முறை 109. சரி, இப்போது ஆய்வுகளைப் பார்க்கலாம். இனி அவை அவனைப் பற்றியும் பேசுகின்றன.

அமெரிக்கா சொன்னது, சென்னை சொன்னது

உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 3,234 பேர். 2001-ல் ஒரு வருடம் முன்னதாகவே நிறுத்தப்பட்டு 2002-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை, ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் இரண்டு வேளை, ஒரு பிரிவுக்கு உணவும் உடற்பயிற்சியும். மூன்றாம் பிரிவுக்கு வைத்த இலக்கு: உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், 16 பாடங்கள். முடிவில் உணவும் நடையும் 58 சதவீதம் தடுத்தது, மாத்திரை 31 சதவீதம் தடுத்தது. "மாத்திரையை விட நடை இரண்டு மடங்கு நல்லது" என்று எங்கே படித்தாலும் அது இங்கிருந்து வந்ததுதான்.

சென்னையில் ஏ. ராமச்சந்திரன், சி. ஸ்நேகலதா குழுவினர் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. 531 பேர், நான்கு பிரிவு. ஒன்றுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒன்றுக்கு உணவும் நடையும். ஒன்றுக்கு மெட்ஃபார்மின். கடைசிப் பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. மாத்திரை அளவு வெறும் 250 மில்லிகிராம், இரண்டு வேளை. 500-ல்தான் ஆரம்பித்தார்கள், சிலருக்குத் தாழ்சர்க்கரை அறிகுறிகள் வந்ததால் பாதியாகக் குறைத்தார்கள். அமெரிக்கர் ஒரு நாளைக்கு விழுங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்று வருடம் முடிந்தபோது, அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகியிருந்தார்கள். உணவும் நடையும் பிரிவில் 39.3. மாத்திரைப் பிரிவில் 40.5. இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5.

கடைசி மூன்று எண்களையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நடை, மாத்திரை, நடையோடு மாத்திரை, மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒரு பிரிவுக்குச் சுமார் 130 பேர்தான் என்பதால் ஒரு புள்ளி இரண்டு புள்ளி வித்தியாசத்தை வைத்து எதையும் பேச முடியாது. ஆனால் மாத்திரை தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. தம்பியின் கேள்விக்கு, சர்க்கரை எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், சென்னை சொன்ன பதில் "ஆமாம்" என்பதுதான். எனக்கு அதைச் சொல்ல மனசே இல்லை.

இதில் இன்னும் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் 58 சதவீதம் எங்கே, 55 பேர் 39 ஆன சென்னையின் 28 சதவீதம் எங்கே, நம் ஊரில் நடை பாதிதான் வேலை செய்கிறது என்று சலித்துக்கொள்வார்கள். தலைகளை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் மூன்று வருடத்தில் ஒன்றும் செய்யாத 100 பேரில் 29 பேர் நோயாளி ஆனார்கள், நடந்தவர்களில் 14 பேர். தப்பியவர்கள் 15. சென்னையில் 55-லிருந்து 39. தப்பியவர்கள் 16. ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். ஒருவரைத் தப்ப வைக்க எத்தனை பேர் நடக்க வேண்டும் என்ற கணக்கிலும் அங்கே 6.9, இங்கே 6.4. நம்முடைய சதவீதம் இளைத்துத் தெரிவதற்குக் காரணம், நாம் நோயை நோக்கி அவர்களை விட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவதுதான்.

மாத்திரைக்கு அதே கணக்கைப் போட்டால் அமெரிக்காவில் 14 பேர் விழுங்கினால் ஒருவர் தப்புகிறார். சென்னையில் 7 பேர் விழுங்கினால் ஒருவர். அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவில். அமெரிக்க ஆய்வில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 35-க்கு மேல் இருந்தவர்களுக்கு மெட்ஃபார்மின் 53 சதவீதம் தடுத்தது, 30-க்குக் கீழே இருந்தவர்களுக்கு வெறும் 3 சதவீதம். சென்னை ஆய்வில் சராசரி பிஎம்ஐ 25.8. அமெரிக்கப் பாடப்புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் என் தம்பிக்கு மாத்திரை வீண் என்று சொல்ல வேண்டியிருக்கும். சென்னை எண் அப்படிச் சொல்லவில்லை.

ஏன் இப்படி? புனேயைச் சேர்ந்த சி.எஸ். யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவரையுமே உதாரணமாக வைத்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படத்தோடு ஒரு சிறு கட்டுரை போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம். நாம் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் குண்டு. கணையமும் சீக்கிரம் களைத்துப்போகிறது. எனவே எடை இயந்திரத்தை வைத்து நமக்கு மாத்திரை தேவையா என்று முடிவு செய்வது சரிப்படாது. இன்னொரு பக்கமும் உண்டு: சென்னையில் நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. இருந்தும் பலன் கிடைத்தது. "மூணு மாசமா நடக்கறேன், ஒரு கிலோ குறையல, எதுக்கு நடக்கணும்" என்று விட்டுவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்பது சென்னையில் மட்டும் பார்த்த விசித்திரம் இல்லை. சீனாவின் டாசிங் நகரில் 1986-ல் 577 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வில் உணவு மட்டும், உடற்பயிற்சி மட்டும், இரண்டும் என்று பிரித்தார்கள். ஆறு வருடத்தில் ஒன்றும் செய்யாதவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மற்ற மூன்று பிரிவிலும் 41-லிருந்து 46 வரை. அங்கேயும் இரண்டும் செய்தவர்கள் முந்தவில்லை.

மாத்திரைக்கு எதிராக என்ன சொல்லலாம்

மாத்திரை நோயைத் தடுக்கிறதா, மறைக்கிறதா என்று ஒரு பழைய சந்தேகம். அமெரிக்க ஆய்வு முடிந்ததும் மெட்ஃபார்மினை ஓரிரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தார்கள். 31 சதவீதம் 25 ஆகக் குறைந்தது. அதாவது பலனில் நான்கில் ஒரு பங்கு மறைப்பு, மீதி நிஜம். மோசமில்லை.

வயிற்றுக் கோளாறு பலருக்கு வரும், பெரும்பாலும் சில வாரத்தில் பழகிவிடும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும். முட்டையும் தொடாத சைவக்காரர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும், கால் மதமதப்பு வந்தால் சர்க்கரையால் வந்ததா பி12 குறைவால் வந்ததா என்று குழப்பம் வரும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் ஆகாது. விலை ஒரு பிரச்சினையே இல்லை, ஒரு மாத்திரை ஓரிரு ரூபாய்.

நடைக்கு ஆதரவாக நான் பெரிதாக எடுத்துக்கொள்வது டாசிங்கில் 30 வருடம் கழித்துப் பார்த்த கணக்கு. அப்போது நடந்தவர்களுக்கும் உணவை மாற்றியவர்களுக்கும் நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 சதவீதம் குறைவு. ஆயுள் ஒன்றரை வருடம் கூடுதல். ஆறு வருடம் செய்ததற்கு முப்பது வருடம் கழித்துக் கிடைத்த வட்டி. மெட்ஃபார்மினுக்கு இப்படி ஒரு கணக்கு பார்டர்காரர்களிடம் இல்லை. நேர்மையாகச் சொன்னால், அமெரிக்க ஆய்வின் 21 வருடத் தொடர்ச்சியில் மாத்திரைப் பிரிவிலும் இதய நோய் குறையவில்லை, நடைப் பிரிவிலும் குறையவில்லை. ஆய்வு முடிந்ததும் எல்லாப் பிரிவினருக்கும் நடைப் பாடம் நடத்தியதும், கொலஸ்ட்ரால் மாத்திரை பரவலானதும் வித்தியாசத்தை அழித்திருக்கலாம்.

செலவையும் சென்னைக் குழு கணக்குப் போட்டது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க உணவு நடைப் பிரிவில் 47,341 ரூபாய், மாத்திரைப் பிரிவில் 49,280 ரூபாய், இரண்டும் சேர்ந்ததில் 61,133 ரூபாய். அது அன்றைய விலை. இரண்டும் சேர்ந்தால் செலவு கூடியது, பலன் கூடவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடை எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கிறதா என்றால், இல்லை. சென்னையில் 578 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான டி-கிளிப் ஆய்வில் முதலில் உணவு, நடை வகுப்பு, தேவைப்பட்டால் மட்டும் பிறகு மெட்ஃபார்மின் என்று படிப்படியாகப் போனார்கள். மொத்தத்தில் 32 சதவீதம் தடுக்க முடிந்தது. ஆனால் வகுப்புக்கு வந்தவர்களில் 72 சதவீதம் பேருக்குக் கடைசியில் மாத்திரையும் தேவைப்பட்டது. வெறும் வயிற்று எண் மட்டும் கூடியிருந்தவர்களிடம் பலன் 12 சதவீதம்தான், இரண்டு மணி நேர எண் கூடியிருந்தவர்களிடம் 31, இரண்டும் கூடியிருந்தவர்களிடம் 36. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. ஆனால் கேரளத்தில் 1,007 பேரை வைத்து அக்கம்பக்கத்தார் குழுக்களாக நடத்திய ஆய்விலும் நோய் 17.1-லிருந்து 14.9 சதவீதமாகத்தான் இறங்கியது, அதைப் பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே பார்டரில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது வெறும் வயிற்று எண். கல்லீரல் கதையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

மற்ற கடைச்சரக்குகள்

வோக்லிபோஸ் நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி வரும். சாதத்திலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து குடலில் உடைவதை மெதுவாக்கும். ஜப்பானில் 1,780 பேரிடம் சுமார் ஒரு வருடம் சோதித்து 40 சதவீதம் தடுத்தது. நம் சாப்பாட்டுக்கு ஏற்ற மருந்து என்று தோன்றும். மூன்று வேளையும் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், உடையாத மாவு பெருங்குடலுக்குப் போய் வாயுவாகும். இதே வகையைச் சேர்ந்த அகார்போஸ் மருந்தின் ஆய்வில் 31 சதவீதம் பேர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரை நினைத்தால் நிறுத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது.

பியோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை அமெரிக்காவில் 602 பேரிடம் 72 சதவீதம் தடுத்தது. பெரிய எண். அதே மருந்தை நடையோடு சேர்த்துச் சென்னையில் 407 பேரிடம் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 29.8 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 31.6 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது, அதாவது ஒன்றுமே இல்லை. எடை கூடும், கால் வீங்கும், எலும்பு மெலியும். 2013-ல் இந்தியாவில் தடை செய்து, ஒரு மாதத்திலேயே எச்சரிக்கையோடு மறுபடி அனுமதித்த மருந்து. பார்டர்காரருக்கு இது எதற்கு? வைட்டமின் டி-யும் அப்படித்தான், 2,423 பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்தும் நிச்சயமான பலன் தெரியவில்லை.

வாரம் ஒரு முறை போடும் டிர்செபடைட் ஊசி வேறு ரகம். உடல் பருமனும் பார்டர் சுகரும் உள்ள 1,032 பேரிடம் மூன்று வருடத்துக்கு மேல் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது என்று சொல்வதா, பத்தில் ஒன்றாகக் குறைத்தது என்று சொல்வதா, எப்படிப் பார்த்தாலும் மேலே சொன்ன எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அவர்கள் பெருத்த உடம்புக்காரர்கள். ஊசியை நிறுத்தி 17 வாரம் கழித்துப் பார்த்தபோதே 1.3 சதவீதம் 2.4 ஆகியிருந்தது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய், அது ஒரு வாரத்துக்கு. 100 கிலோவைத் தாண்டி, மூட்டு வலியில் நடக்கவும் முடியாதவர் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம் இது. 72 கிலோ தம்பிக்கு இல்லை.

அப்படியானால் யாருக்கு எது

அறுபது தாண்டியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு நடையைச் சொல்வேன். அமெரிக்க ஆய்வில் அந்த வயதுக்காரர்களுக்கு நடை 71 சதவீதம் தடுத்தது, மாத்திரை 11 மட்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்களுக்கு இரண்டுமே ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. கைக்குழந்தையோடு தினமும் அரை மணி நேரம் தனியாக நடக்க யாருக்கு வாய்க்கிறது? மாத்திரை எழுதினால் அவர்கள் தயங்க வேண்டாம். வெறும் வயிற்று எண் 110-ஐத் தாண்டி, ஹெச்பிஏ1சியும் 6-க்கு மேல் இருப்பவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டுதலே மெட்ஃபார்மினை யோசிக்கச் சொல்கிறது. ஹெச்பிஏ1சி மட்டும் கூடி, ரத்தசோகையும் இருப்பவர்கள் முதலில் இரும்புச்சத்தைச் சரி செய்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கலாம். இரண்டு மணி நேர எண் மட்டும் கூடியவர்களுக்கு நடைதான் முதல் மருந்து.

தம்பி நடுவில் மாட்டிக்கொண்டவன். இரண்டு எண்ணும் கூடியிருக்கிறது. டாக்டர் எழுதியது தவறு இல்லை என்று அவனிடம் சொன்னேன். ஆனால் சென்னைக் கணக்கில் நடந்தவர்களும் மாத்திரை போட்டவர்களும் சமம் என்றால், ஆறு மாதம் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று அவரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டான். "மறுபடியும் அந்த ரெண்டு மணி நேரச் சோதனை செய்யறதா இருந்தா சரி" என்றாராம்.

தனியாக விட்டால் நடக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போகும் 537 ஆண்களுக்கு வாரம் இரண்டு முதல் நான்கு குறுஞ்செய்தி அனுப்பியே இரண்டு வருடத்தில் நோயை 27 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிய ஆய்வும் ராமச்சந்திரன் குழுவுடையதுதான், 2013-ல் வந்தது. பயிற்சியாளர் இல்லை, வகுப்பு இல்லை, வெறும் போன். எனவே செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஒரு மெசேஜ் போடுகிறேன். "பஸ்ஸை விட்டு ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கு." "ராத்திரி மூணாவது தோசை வேண்டாம், சுண்டல் இருக்கா பாரு." முதல் வாரம் கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினான். மூன்றாம் வாரம் ஒரு போட்டோ வந்தது, சேறு படிந்த செருப்பு. ஷூ வாங்கவில்லை போலிருக்கிறது.

அக்டோபரில் மறுபடி குளுக்கோஸ் தண்ணி. இந்தத் தடவை முழு எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லியிருக்கிறான்.